பேய்க்கரும்பின் ஊர்ப் பெயர்

கோவில்பட்டி தொடங்கி ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் என்று நீளும் கரிசல், வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் மல்லியும் பருத்தியும் போடுகிற இந்த மண்ணில் கரும்புக்கு இடமில்லை. ஓராண்டு நின்று வளரும் பயிருக்கு விடாமல் நீர் பாய்ச்ச இங்கே ஆற்றுப் பாசனமும் இல்லை, அணையும் இல்லை. இனிப்பு என்றால் இந்தப் பக்கத்துக்குப் பழைய காலந்தொட்டுப் பனங்கருப்பட்டிதான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயிலும் கடலைதான் கரிசலுடையது. பாகு காய்ச்சும் வெல்லம் வெளியூரிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிறது. அப்படியிருக்க, கரும்பின் வரலாற்றைச் சொல்ல இந்த ஊர்ப்பக்கம் எதற்கு என்று கேட்கலாம். கடந்த நூறாண்டுகளில் இந்தியக் கரும்பைக் கைதூக்கிவிட்டது, யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் காட்டாமல் ஓடைக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் தானாக முளைத்த ஒரு புல். தண்ணீர் இல்லாமல் பிழைக்கத் தெரிந்ததுதான் அதன் முதல் தகுதி. அந்தத் தகுதியின் மதிப்பு, மழை தவறினால் என்ன ஆகும் என்று அறிந்த மண்ணில் நின்று பார்க்கும்போதுதான் முழுதாக விளங்கும்.

அந்தப் புல்லுக்குத் தமிழில் பேய்க்கரும்பு என்று பெயர். நாணல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் உண்டு. பேய்க்கரும்பு என்ற பெயரே ஒன்றுக்கு மேற்பட்ட புல்லினங்களுக்கு வழங்குகிறது. தாவரவியலார் சக்காரம் ஸ்பான்டேனியம் என்று அழைக்கும் இனத்தையே இங்கே அந்தப் பெயரால் குறிக்கிறேன். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி என்று நம் பேச்சில் ஒரு வரிசையே இருக்கிறது. கசக்கும், வாயில் வைக்க முடியாது, ஆனாலும் தோட்டத்துச் செடியின் சாயல் உண்டு என்றால் அதற்கு முன்னால் ‘பேய்’ சேர்த்தார்கள். இந்த முன்சொல்லை இழிவாக மட்டும் படிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பெயரின் பின்பாதியில் உறவை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்: இது வேறு ஏதோ களை இல்லை, கரும்பின் வகையறா. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பை ஏந்தித் தலம் தலமாகச் சென்றதையும், அது திருவொற்றியூரில் இனித்ததையும் சொல்லும் கதையில்கூட அந்த உறவு இருக்கிறது. இனிப்பு அதற்குள் எங்கோ இருக்கிறது என்ற எண்ணம் இல்லாமல் அப்படி ஒரு கதை பிறந்திருக்காது. தாவரவியல் அந்த உறவைச் செடிகளை ஒட்டிக் கலந்து காட்ட 1912 வரை ஆயிற்று.

கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். எத்தனை பழைய பயிராக இருந்தாலும், அது பெருகிய விதம் ஒன்றே: கரணை வெட்டி நடுவது. கரணையில் முளைப்பது புதுச் செடியாகத் தோன்றினாலும் பழைய செடியின் நீட்சிதான். ஓர் ஊரின் வயல் முழுவதும் ஒரே உடம்பு. ஒரு கணுவில் நுழைந்த நோய்க்கு மற்ற கணுக்களில் தடை இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோதாவரி டெல்டாவில் செவ்வழுகல் நோய் பரவியபோது இதுதான் நடந்தது. தட்டையைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, அதன் நடுவே குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. மேலே தோகை காய்ந்து நிற்கும். அதை ஆராயச் சாமல்கோட்டையில் 1902இல் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. அதே காலத்தில் ஜாவாவில் செரே என்ற நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. கரும்புப் பூவில் முளைக்கும் விதை உண்டு என்பதே 1888இல்தான் ஜாவாவிலும் பார்படாசிலும் உறுதியாயிற்று. அதற்கு முன் கரும்பை ஒட்டுக்கலப்பால் மாற்ற முடியும் என்ற நினைப்புக்கே இடமில்லை. பூத்தால் தட்டை நெட்டியாகி எடை குறையும் என்பதால் விவசாயிக்குப் பூ ஒரு நஷ்டம். ஆராய்ச்சிக்காரருக்கு அந்தப் பூவைத் தவிர வேறு வாசல் இல்லை.

அந்த வாசல் நன்றாகத் திறக்கும் ஊர் கோயம்புத்தூர். வட இந்தியாவில் அரிதாகவே பூக்கும் கரும்பு அங்கே ஐப்பசி, கார்த்திகையில் தாராளமாகப் பூக்கிறது. 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் சாமல்கோட்டையில் செவ்வழுகலை ஆராய்ந்த சி.ஏ. பார்பர், உடன் இருந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். அப்போது வட இந்திய வயல்களில் இருந்தது மெலிந்த நாட்டுக் கரும்பு; குளிரையும் வறட்சியையும் தாங்கும், சாறு குறைவு. தெற்கே இருந்தது தடித்த, சாறு நிறைந்த கரும்பு. வடக்கே கொண்டுபோனால் சாகும். அவர்கள் எடுத்த தாய்ச்செடி ‘வெள்ளை’ என்ற தடித்த கரும்பு. தகப்பனாக எடுத்தது, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானாக வளர்ந்து நின்ற பேய்க்கரும்பு. அந்தப் புல்லைக் கிட்டத்தில் பார்த்தால் அந்தத் துணிச்சல் புரியும். தட்டை சுண்டுவிரல் மொத்தம்கூட இராது. தோகை குறுகி, நடுநரம்பு வெளுத்து, விளிம்பு கையைக் கிழிக்கும். கடித்தால் நெட்டிதான் பல்லில் சிக்கும். சப்பியபின் நாக்கில் மெல்ல ஓர் இனிப்பு வந்து போகும். மண்ணுக்கு அடியில்தான் அதன் பலம்: கிழங்குபோல் கிடைமட்டமாக ஓடும் தண்டு, அதன் கணுதோறும் முளை, அதற்கும் கீழே ஆழம் தேடிப் போகும் வேர். மேலே அறுத்தாலும் எரித்தாலும் மாடு மேய்ந்தாலும் அடுத்த மழைக்கு எழுந்துவிடும். இந்த இரண்டுக்கும் பிறந்த கோ 205, 1918இல் பஞ்சாப் விவசாயிகளிடம் போயிற்று. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. வாதத்துக்கு அது அவசியம். தடித்த கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்பில் 64. பாதிக்குப் பாதி என்றால் பிள்ளைக்கு 72 வர வேண்டும். கோ 205இல் இருப்பது 112. தாய் தன் 80ஐயும் அப்படியே கொடுக்க, தகப்பன் 32ஐக் கொடுத்திருக்கிறது. கரும்பினத்தின் இந்த விசித்திரத்தை ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920களில் விளக்கினார். இதனால்தான் முதல் கலப்பிலேயே இனிப்பு முழுதும் போய்விடாமல் புல்லின் உறுதி உள்ளே வந்தது. ஆனால் இந்தக் கணக்கில் அதைவிட முக்கியமான செய்தி வேறு. பேய்க்கரும்பு என்ற ஒரே இனத்துக்குள் குரோமோசோம் எண்ணிக்கை 40இலிருந்து 128 வரை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, இமயமலை அடிவாரத்திலிருந்து உவர்மண் வரை பரவியிருக்கும் இந்தப் புல், போன இடமெல்லாம் அந்த இடத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று குளிர் தாங்கும், ஒன்று தேங்கும் நீரைத் தாங்கும், ஒன்று உப்பைத் தாங்கும். மரபணு வளம் என்று பொதுவாகப் பேசும்போது இனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். வேலை செய்தது இனம் என்பதைவிட, ஒரு குறிப்பிட்ட ஊரின் புல். வெளிநாட்டு ஆராய்ச்சி நூல்களிலும் அது இன்றுவரை ‘கோயம்புத்தூர்’ என்றே குறிக்கப்படுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: காட்டு உறவுகளின் செல்வம் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறது, ஓர் ஊரின் புல் போனால், அதே இனம் வேறெங்கும் நின்றாலும், அந்த ஊர் கற்றது போய்விடுகிறது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியச் சர்க்கரைத் தொழிலை வளர்த்தது புல் அல்ல, சட்டம் என்று பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். 1930ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் சர்க்கரை இறக்குமதி ஆயிற்று, பெரும்பகுதி ஜாவாவிலிருந்து. 1932இல் பாதுகாப்புச் சுங்கச் சட்டம் வந்தது. 30ஐ ஒட்டி இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. சுங்கத்தின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் ஆலைக்குப் பல் சக்கரம் மட்டும் போதாது, அரைக்கக் கரும்பு வேண்டும். அந்தக் கரும்பு ‘கோ’ என்ற எழுத்தோடு கோயம்புத்தூரிலிருந்து ஏற்கெனவே உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் போய் வயலில் நின்றது. இதைவிட உறுதியான சாட்சி ஜாவாவே. அங்கே இந்தியச் சுங்கம் இல்லை. செரே நோய் தாங்கும் கரும்பைத் தேடியவர்கள், உள்ளூர்த் தடித்த கரும்பும் உள்ளூர்ப் பேய்க்கரும்பும் தாமாகக் கலந்து பிறந்த காசோர் என்ற செடியைப் பிடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதைத் தடித்த கரும்போடு மீண்டும் கலந்தார்கள். அங்கே யெஸ்வீட் என்ற ஆய்வாளர் 1921இல் செய்த கலப்பில் பி.ஓ.ஜே 2878 பிறந்தது. 1920கள் முடிவதற்குள் ஜாவாவின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை அது பிடித்துவிட்டது. இரண்டு நாடு, இரண்டு அரசுக்கொள்கை, வேறு வேறு நோய். பொதுவாக இருந்தது வேலியோரப் புல் மட்டுமே.

இன்னொரு மறுப்பு கரிசல்காட்டு விவசாயியிடமிருந்தே வரும். அதை நான் அதிகம் மதிக்கிறேன். வயலில் புகுந்தால் இந்தப் புல் எமன். புந்தேல்கண்டின் கரிசலில் 19ஆம் நூற்றாண்டில் காஸ் என்று அங்கே அழைக்கப்படும் இதே புல் படர்ந்து, ஏர் இறங்காமல், உழவர்கள் கிராமம் கிராமமாக நிலத்தைத் தரிசாக விட்டுப் போனார்கள். விடுதலைக்குப் பின்னும் அந்தக் கேடு தீரவில்லை. மத்திய இந்தியாவில் காஸ் பிடித்த நிலங்களை மீட்க மத்திய டிராக்டர் அமைப்பு உருவாயிற்று. கனத்த டிராக்டர்கள் வாங்க உலக வங்கி 1949இல் ஒரு கோடி டாலர் கடன் தந்தது. உலக வங்கி இந்தியாவுக்குத் தந்த முதல் கடன்களில் ஒன்று ஒரு புல்லைப் பிடுங்குவதற்காக என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழ உழுது, கிழங்குத்தண்டை வெயிலில் புரட்டிப் போட்டுக் காயவிட்டார்கள். அந்த விவசாயிகளுக்கு அது தேவையாகவே இருந்தது. அதே ஆண்டுகளில்தான் பேய்க்கரும்பு தேடும் பயணத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு, கோயம்புத்தூர் நிலையத்தார் நாடெங்கும் அலைந்து அதே புல்லின் வேர்க்கட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அரசின் இரண்டு கைகளும் எதிரெதிராக வேலை செய்தன என்று இதைக் குறை சொல்ல மாட்டேன். ஏரைத் தோற்கடித்த குணமும் செவ்வழுகலைத் தாங்கிய குணமும் ஒரே வேரிலிருந்து வருபவை. பிடுங்க வேண்டிய இடத்தில் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குவதற்கு முன் ஒரு கட்டையை எடுத்துவைக்கச் சொல்வதுதான் என் வழக்கு.

எடுத்துவைத்தார்கள், ஆனால் எடுத்ததைப் பயன்படுத்தினார்களா என்பது அடுத்த கேள்வி. கோயம்புத்தூரில் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பேய்க்கரும்புக் கட்டைகள் பராமரிக்கப்படுகின்றன. தடித்த கரும்பின் உலகத் தொகுப்பு கண்ணூரில் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ளதைச் சேர்த்தால் உலகத் தொகுப்புகள் இரண்டே. ஆயினும் உலகின் வணிகக் கரும்புகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால், கோயம்புத்தூர்ப் புல்லும் ஜாவாப் புல்லும் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சில முன்னோர்களிடமே போய் முடிகிறது. காரணம் சோம்பல் அல்ல. காட்டுப் புல்லோடு புதிதாகக் கலந்தால் முதல் பிள்ளைகள் மெலிந்து, நார் மிகுந்து, இனிப்புக் குறைந்து வரும்; அவற்றைத் திரும்பத் திரும்பத் தடித்த கரும்போடு கலந்து தேற்ற ஒரு மனிதரின் பணிக்காலம் முழுதும் ஆகும். ஏற்கெனவே தேறிய இரண்டு கரும்புகளைக் கலந்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஒரு ரகம் வெளிவரும். ஆகவே நூறாண்டுக்கு முன் போட்ட முதலிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1934இல் கோயம்புத்தூர் நிலையத்தில் சேர்ந்த தாவரவியலார் ஜானகி அம்மாள் போன்றவர்கள் அப்போதே வேலியைத் தாண்டிப் பார்த்தார்கள்: கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், எரியாந்தஸ் என்ற முரட்டுப் புல்லோடும்கூடக் கலந்தார்கள். வயலுக்கு வரும் ரகம் அவற்றிலிருந்து உடனே கிடைக்கவில்லை. அந்த வழி மெல்லத் தூர்ந்தது. விளைவு திரும்பத் திரும்பத் தெரிகிறது. வட இந்தியாவில் பரவியிருந்த கோ 213, 1930களின் இறுதியில் செவ்வழுகலில் விழுந்தது. 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்து, சர்க்கரையை அள்ளிக் கொடுத்து, பத்தாண்டு ஆவதற்குள் அதே செவ்வழுகலுக்கு இரையாகத் தொடங்கியது. கோதாவரியில் நடந்ததற்கும் இதற்கும் நடுவே நூறு வருட அறிவியல் இருக்கிறது. ஒரே உடம்பை ஊர் முழுக்க நட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் மாறவில்லை.

இனிமேல் புல்லே தேவையில்லை, மரபணுவைப் படித்தாயிற்று என்ற பேச்சும் கேட்கிறது. 2018இல் பேய்க்கரும்பின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது உண்மை. படிக்கப்பட்ட செடி எஸ்.இ.எஸ் 208 என்ற கட்டையின் வழி வந்தது. அந்த எழுத்துகள் மேலே சொன்ன பேய்க்கரும்பு தேடும் பயணத் திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். யாரோ ஒருவர் இந்தியக் கரையோரம் ஒன்றில் தோண்டி எடுத்து எண் போட்டு வைத்ததால்தான் எழுபது வருடம் கழித்துப் படிக்க ஒரு செடி இருந்தது. கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் எரியாந்தஸிலிருந்து வெப்ப அதிர்ச்சிப் புரதம் ஒன்றுக்கான மரபணுவை எடுத்து, தமிழக வயல்களில் அதிகம் பயிராகும் கோ 86032இல் சேர்த்து, அது வறட்சியையும் உப்பையும் கூடுதலாகத் தாங்குவதை 2015இல் காட்டினார்கள். ஆய்வகத்தில் வெட்டி ஒட்டலாம்; ஒட்டுவதற்கான துண்டு எங்கோ ஒரு புல்லில் இருந்தாக வேண்டும். தொகுப்பில் இருக்கிறதே, கரையில் எதற்கு என்பாருக்கும் பதில் இதுவே. தொகுப்பில் இருப்பது எடுத்த நாளோடு நின்றுபோன செடி. கரையில் நிற்பது பூத்து, விதைத்து, ஒவ்வொரு வறட்சியிலும் சில செத்து, சில பிழைத்து, இன்றைய வெப்பத்துக்கும் இன்றைய உவருக்கும் பழகிக்கொண்டிருக்கிறது.

கரிசலுக்குத் திரும்புவோம். வறட்சி தாங்கும் கரும்பு வந்தால், தண்ணீர் இல்லாத புஞ்சையிலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கரும்பு நடச் சொல்வார்களே என்ற அச்சம் நியாயமானது. அப்படிச் செய்யக் கூடாது என்பதே என் எண்ணமும். வறட்சி தாங்கும் கரும்பு என்றால் தண்ணீர் குறைந்த நாட்களில் சாகாமல் நிற்கும் கரும்பு. கம்பைப்போல் ஒரு பருவ மழையில் முடித்துக்கொள்ளும் பயிர் அது ஆகாது. புதியம்புத்தூர்ப் பக்கத்துக்கு இந்த வரலாறு தருவது பயிர் யோசனையைவிடப் பயிர்களை நினைக்கும் முறை. இந்த மண்ணின் பருத்திக்கும் இதே கதை நடந்திருக்கிறது. ‘டின்னவெல்லி’ என்று தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய பஞ்சு, கருங்கண்ணியும் உப்பமும் கலந்த நாட்டுப் பருத்தி. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியைத் தேர்ந்து தேர்ந்து இந்தக் கரிசலுக்கான ரகங்களைத் தந்தது. பிறகு நீண்ட இழை கேட்ட மில்லுக்காக அமெரிக்க இனம் வந்தது, 2002க்குப் பின் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தது, கருங்கண்ணி போடும் புஞ்சையை இன்று தேடித்தான் போக வேண்டும். புதியம்புத்தூரில் தைக்கும் ரெடிமேட் துணியில் இந்த மண்ணின் பஞ்சு இல்லை. மழை பொய்த்தாலும் ஒரு கை பஞ்சு தந்த செடியை, வயலைவிட்டு எடுத்தபின் எங்கே வைத்தோம் என்று கேட்க ஆளில்லாமல் போனது.

கண்மாய் தூர்வாரும்போதும், ஓடைக்கரையைச் சிமென்ட் பூசிக் கட்டும்போதும், பொக்லைன் முதலில் எடுப்பது கரையோரப் புல்லைத்தான். அதில் பேய்க்கரும்பு இருக்கலாம், வெறும் கோரையாகவும் இருக்கலாம். வைப்பாற்றுப் படுகையிலும், தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டிய உவர்நிலத்து ஓடைகளிலும் அது நின்றால், உப்பிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த புல்லாக அது இருக்கும். அதைக் கோயம்புத்தூர்ப் புல்லோ ஜாவாப் புல்லோ ஈடுசெய்யாது. தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, தண்ணீர் முதலில். மண் அள்ளுவதற்கு முன் வெள்ளிக் கதிர் ஆடும் ஒரு தூரைக் கிழங்கோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கோவில்பட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்ப ஒரு மண்வெட்டியும் அரை நாளும் ஆகும். சாக்கில் கட்டும் சீட்டில் எந்தக் கண்மாய், எந்தக் கரை, எந்த ஊர் என்று எழுத வேண்டும்.